சோவுக்குப் பதில் சொன்னவர்கள்

1970 ஜனவரி 14, பொங்கல் நாளில் வெளிவந்த 'துக்ளக்' முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருந்தன. ஆசிரியர் சோ ராமசாமிக்கு அப்போது வயது 35. வழக்கறிஞர், நாடகக்காரர், சினிமா நகைச்சுவை நடிகர் என்று ஏற்கெனவே பெயர் எடுத்திருந்தார். 2016 டிசம்பர் 7-ல் மறையும் வரை, ஏறத்தாழ 47 ஆண்டுகள், தமிழ்நாட்டு அரசியலை அவர் விமர்சித்துக்கொண்டே இருந்தார். துணிச்சல்காரர் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். மேல்சாதி ஆதிக்கத்துக்கு நகைச்சுவைப் பூச்சு பூசியவர் என்று இன்னொரு சாரார் வெறுத்தார்கள். இவர்களுக்கு நடுவே, அவரை ஏற்காமலே அவர் எழுதியதைத் தேடிப் படித்துப் பதில் எழுதியவர்களும் இருந்தார்கள். சோவை வாசித்த விதங்களிலேயே உழைப்பு மிகுந்தது அவர்களுடையதுதான்.

இந்த மோதல் தலைவர்களின் மேடைகளோடு நின்றுவிடவில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த தெற்குப் புறநகரில் இரு தரப்பும் ஒன்றாகவே குடியிருந்தன. நங்கநல்லூரிலும் சேலையூரிலும் வீடு கட்டிக் குடியேறிய அரசு ஊழியர்களும் வங்கிக்காரர்களும் ஒரு பக்கம். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் தொழிற்சாலை, பல்லாவரம், பம்மல் தோல் பதனிடும் ஆலைகள், பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார் எனத் தொழிற்சங்கமும் திராவிட இயக்கமும் வேரூன்றிய உழைப்பாளர் வட்டாரம் மறுபக்கம். 'துக்ளக்' படித்தவரும் 'முரசொலி' படித்தவரும் ஒரே பெட்டியில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். இந்த வாசகர்களுக்கு சோ தெருவில் எதிர்ப்படும் ஒரு வாதம்.

அந்த வாதத்தை ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது என்பதை முதலில் ஏற்க வேண்டும். 1968-ல் அரங்கேறிய 'முகமது பின் துக்ளக்' நாடகம், புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த தி.மு.க.வைக் குத்திக் கிழித்தது. அதனால் அவர் தி.மு.க. எதிரி என்று முடிவு கட்டியவர்களுக்கு 1975 புரியாமல் போயிருக்கும். நெருக்கடி நிலையை எதிர்த்து 'துக்ளக்' அட்டையைக் கறுப்பாக அச்சிட்டார் சோ. தி.மு.க.வும் அப்போது அதே பக்கம்தான் நின்றது. எம்.ஜி.ஆரோடு 'மாட்டுக்கார வேலன்', 'ரிக்சாக்காரன்' படங்களில் நடித்தவர், எம்.ஜி.ஆரின் அரசியலைக் கிண்டல் செய்யத் தயங்கவில்லை. 1996-ல் ஜெயலலிதா ஆட்சியை வீழ்த்த தி.மு.க. - த.மா.கா. அணிக்குத் துணை நின்றார். பிறகு ஜெயலலிதாவுக்கு நெருங்கிய ஆலோசகராகவே பார்க்கப்பட்டார். 1999-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 2012 'துக்ளக்' ஆண்டு விழாவுக்கு அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடியை அழைத்தார்.

அணிகள் மாறினாலும் அடியில் சில நிலைகள் மாறவில்லை. சாதிவழி இடஒதுக்கீட்டின் விரிவாக்கத்தை எதிர்த்தார். விடுதலைப் புலிகளை, தமிழ்நாட்டில் அவர்களுக்கு ஆதரவு அலை வீசிய காலத்திலேயே எதிர்த்தார். பிராமணியம் வெறுக்கத்தக்கதா என்று கேட்டு நூல் எழுதினார். பெண்களின் சமூக, அரசியல் பங்கு பற்றி அவர் சொன்னவை பழமைவாதத்தின் வெளிப்படையான வடிவம். ஆட்சியதிகாரத்தின் மீதான ஐயம் ஒரு சரடு, சாதி, குடும்ப ஒழுங்கின் மீதான பற்று இன்னொரு சரடு. முதலாவதைப் பாராட்டிக்கொண்டே இரண்டாவதை உறுதியாக மறுக்க ஒரு வாசகருக்கு முழு உரிமை உண்டு. இரண்டையும் பிரிக்கத் தெரியாதவர்களே அவரை முழுதாக விழுங்கினார்கள், அல்லது முழுதாகத் துப்பினார்கள்.

அவருக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்ததற்குக் காரணம் வடிவம். 'துக்ளக்'கின் கேள்வி-பதில் பகுதியில் வாசகர் கேட்பார், ஆசிரியர் இரண்டு மூன்று வரியில் முடிப்பார். அந்த வரிகளுக்குள் ஒரு செய்தியும் ஒரு தீர்ப்பும் ஒரு நக்கலும் பின்னிக் கிடக்கும். செய்தியைச் சரிபார்க்கலாம், தீர்ப்போடு வாதாடலாம். சிரித்துவிட்ட வாசகரிடம் நக்கலை மறுத்து எதுவும் சொல்ல முடியாது. அரைப் பக்க விளக்கத்தோடு வரும் எதிராளி அந்த இடத்திலேயே தோற்றவராகத் தெரிவார். ஆண்டு விழாவில் வாசகர்களை நேரில் கேள்வி கேட்கவிட்டதும் இதே உத்திதான், ஆனால் அதில் ஒரு நேர்மையும் இருந்தது: முகத்துக்கு நேரே கேட்க எதிர்த்தரப்புக்கும் ஒரு வழி திறந்திருந்தது.

அவரை எதிர்கொண்டதில் மிக மோசமான வழியை எடுத்தது தி.மு.க. அரசு. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடும் ஊர்வலமும் நடத்தியது. ராமர் படத்துக்குச் செருப்படி விழுந்த அந்த ஊர்வலத்தின் படங்களை 'துக்ளக்' வெளியிட்டது. இதழ்களை அரசு பறிமுதல் செய்தது. ஓர் ஆண்டு முன்பு தொடங்கிய இதழுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறு கிடைத்திருக்காது. அதே ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. இதழைப் பிடுங்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. 2020 ஜனவரியில் 'துக்ளக்' பொன்விழாவில் ரஜினிகாந்த் அந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேசியதும் சர்ச்சை மறுபடி வெடித்தது. ஜனசங்கத்தினர் பெரியார் மீது வீசிய செருப்பே அன்று திரும்பியது என்று திராவிடர் கழகம் பதில் சொன்னது. அரை நூற்றாண்டு கழித்தும் என்ன நடந்தது என்பதிலேயே வழக்கு. மூல இதழும் அன்றைய நாளேடுகளும் வாசகர் கைக்கு எட்டியிருந்தால் வாதம் வேறு விதமாகப் போயிருக்கும்.

சின்னக்குத்தூசி எடுத்தது நேர் எதிரான வழி. திருவாரூரில் பிறந்த தியாகராசன் என்ற அவரும் சோவைப் போலவே 1934-ல் பிறந்தவர். பிராமணக் குடும்பத்திலிருந்து திராவிட இயக்கத்துக்கு வந்தவர். 'விடுதலை'யில் எழுதிய குத்தூசி குருசாமியின் மீது கொண்ட மதிப்பால் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார். திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய வாடகை அறையில் தனியாக வாழ்ந்தார். அறை நிறையப் பழைய நாளேடுகளும் நறுக்குகளும் நூல்களும். சோ போன்றோர் எழுதியதை முதலில் அப்படியே எடுத்துக்காட்டுவார். பிறகு அதே பொருளில் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் என்ன சொல்லப்பட்டது, சட்டமன்றத்தில் என்ன பதிவானது என்று ஆவணத்தை அடுக்குவார். எதிராளி சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணித்து வெல்வது அந்த எழுத்தின் வழியல்ல. பல முகாம்களைச் சேர்ந்த பத்திரிகையாளர்களும் அந்த அறைக்குத் தகவல் கேட்டுப் போனார்கள். 2011 மே 22-ல் அவர் மறைந்தார். சோவின் நகைச்சுவை அவரிடம் இல்லை. ஆனால் நினைவாற்றலும் கோப்புகளும் இருந்தன, அந்த இரண்டுக்கும் கேலி பதிலாகாது.

எதிராளியின் வாதத்தை நேருக்கு நேர் எடுத்துப் பதில் சொல்வது தமிழ்நாட்டுக்குப் புதிய வழக்கமும் அல்ல. கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்று அண்ணா பேசிய 1943-ல், அவரோடு ஒரே மேடையில் வாதிட ரா.பி. சேதுப்பிள்ளை சென்னைச் சட்டக் கல்லூரிக்கு வந்தார். அதற்கும் ஐந்தாண்டு முன்பு, 1938 டிசம்பரில், தாம்பரமே இத்தகைய ஒரு வாதத்துக்கு மேடையானது. சென்னை கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த மறு ஆண்டு அது. உலக மிஷனரி மாநாட்டுக்காக டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறித்தவ வெளிப்பாட்டுக்கும் பிற சமயங்களுக்கும் நடுவே பாலமே இல்லை என்றது. சென்னைக் கிறித்தவர்களான பி. செஞ்சையா, தொழிற்சங்கத் தலைவர் சக்கரைச் செட்டியார் முதலானோர் கிறித்தவத்தை இந்தியாவில் மறுசிந்தனை செய்வது பற்றி ஒரு கட்டுரைத் தொகுதியையே கொண்டுவந்தார்கள். கிரேமரின் நூலை எடுத்து ஆராயும் மறுப்பும் அதில் இருந்தது. பத்து ஆண்டு கல்லூரி முதல்வராக இருந்தவரும் ராதாகிருஷ்ணனின் ஆசிரியருமான ஏ.ஜி. ஹாக், இந்துவிடமும் மெய்யான இறைநம்பிக்கை உண்டு என்று எழுதினார். மாநாட்டுத் தொகுதி அந்த மாற்றுக் குரலையும் சேர்த்தே அச்சிட்டது. அதனால்தான் 1988-ல், ஐம்பது ஆண்டு கழித்து, அறிஞர்கள் மீண்டும் தாம்பரத்தில் கூடி அந்த வாதத்தைத் தொடர முடிந்தது.

இன்று விமர்சகரின் இடம் யூடியூபுக்கு மாறியிருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து அரை நிமிடம் வெட்டப்பட்டு, தாம்பரத்திலும் சிட்லபாக்கத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் விழுகிறது. சித்தப்பா அனுப்புவார், அண்ணன் மகள் கொதிப்பாள், இருவருமே முழுப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள். வெட்டியெடுத்த துண்டுக்குச் சொல்லும் பதில் பேசியவரைத் தொடுவதே இல்லை. அதனால் அவருடைய ரசிகரும் அசைவதில்லை. முன்பும் பின்பும் அவர் என்ன சொன்னார், சொன்ன செய்தி சரியா, அதை நம்புகிறவருக்கு அதில் எந்தக் குறை ஆறுகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகு எழுதும் பதிலுக்குத்தான் வலு உண்டு. மூன்றாவது கேள்வி பெரும்பாலும் விட்டுப்போகிறது. சோவின் வாசகர்களில் பலர் திராவிட ஆட்சிகளின் ஊழலைக் கண்டு மனம் கசந்தவர்கள். அந்தக் கசப்புக்கு மதிப்புத் தராமல் சாதியை மட்டும் சுட்டிக்காட்டிய மறுப்புகள் அவர்களிடம் எடுபடவில்லை.

சோவை மறுக்க விரும்புகிறவர்கள், ஏற்க விரும்புகிறவர்களும்தான், மூல இதழிலிருந்து தொடங்க வேண்டும். நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று கன்னிமாரா. தாம்பரத்தில் மின்ரயில் ஏறுகிறவர்கள் எழும்பூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.