நிறத்தைத் தேடிப் பாயும் ஒளி

"கிரகணத்தன்று வெளியே போனாயா?" குழந்தையின் கன்னத்தில் சிவப்புத் திட்டு இருந்தால், நம் குடும்பங்கள் சிலவற்றில் தாயிடம் இன்னமும் கேட்கப்படும் கேள்வி இது. 2013ஆம் ஆண்டிலேயே அறிவியல் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. 'போர்ட் ஒயின்' எனப்படும் இந்தப் பிறவிக் குறிக்குப் பெரும்பாலும் 'ஜிஎன்ஏகியூ' மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். கரு வளரும்போது சில உயிரணுக்களில் மட்டும் அது தற்செயலாக நிகழ்கிறது. தாய் செய்த எதனாலும் வருவதில்லை. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு இக்குறி உண்டு.

தோலில் உள்ள நுண்ணிய ரத்த நாளங்கள் விரிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. குழந்தையோடு அதுவும் வளரும், தானாக மறையாது. வயது கூடும்போது நிறம் கருத்து, தடிக்கவும் கூடும்.

தோலை வெட்டாமல் நாளத்தை மட்டும் அழிப்பது எப்படி? 1983ல் அமெரிக்க மருத்துவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பேரிஷும் வழி காட்டினர். ரத்தத்தின் ஹீமோகுளோபின் நன்கு உறிஞ்சும் மஞ்சள் ஒளியை, நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் பாய்ச்ச வேண்டும். நாளம் சூடாகிச் சிதையும். வெப்பம் பரவுமுன் ஒளி நின்றுவிடுவதால் சுற்றியுள்ள திசு தப்பும். இன்றைய சாய லேசர்களின் அலைநீளம் பெரும்பாலும் 585 அல்லது 595 நானோமீட்டர்.

நம் தோலுக்கு இங்கேதான் சிக்கல். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் காரணமான மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். அது இருப்பதோ மேல்தோலில், நாளங்களுக்கு முன்னால். ஆற்றல் மிகுந்தால் கொப்புளமோ கருந்திட்டோ வெண்திட்டோ வரலாம். அதனால் தோலைக் குளிர்வித்து, ஆற்றலைக் குறைத்து, முதலில் சிறு பகுதியில் சோதித்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் தோலில் எடுத்த விளம்பரப் படங்களை நம்பி அழகு நிலையத்துக்குப் போகாமல், நம் நிறத் தோலுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய தோல் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

சில வார இடைவெளியில் பலமுறை சிகிச்சை தேவைப்படும். ஒவ்வொரு முறையும் ஓரிரு வாரம் தோல் ஊதாநிறமாகக் கன்றியிருக்கும். பலருக்குக் குறி வெளிறும். முற்றிலும் மறைவது சிலருக்கே.

சிகிச்சை வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். நெற்றிக் குறியை மறைக்காமலேயே கோர்பச்சோவ் சோவியத் யூனியனை வழிநடத்தினார். ஆனால் குழந்தையின் நெற்றியிலோ கண்ணிமையிலோ குறி இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கண் அழுத்த நோயும் வலிப்பும் உண்டாக்கக்கூடிய ஸ்டர்ஜ்-வெபர் பாதிப்பு அதன் பின்னால் இருக்கலாம். தாயிடம் எதையாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், "கண் மருத்துவரிடம் காட்டியாச்சா?" என்று கேட்போம்.