பழைய கேம்பர் வேன் மக்கர் பண்ணினால்...

அடுப்பு, படுக்கை, துணி அலமாரி, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு ஓடும் வேனைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேனை, வெஸ்ட்ஃபாலியா என்ற கம்பெனி 1950-களின் தொடக்கத்திலிருந்தே இப்படிக் குடித்தனம் பண்ணத் தகுந்ததாக மாற்றிக் கொடுத்தது. கூரையைத் தூக்கிவிட்டால் மேலே ஒரு பரண். குழந்தைகளுக்கு அதுதான் சொர்க்கம்! 1970-களில் வந்த இந்த வேன்களை அமெரிக்காவில் இன்றும் ஆசையாக வைத்துக்கொண்டு ஊர் சுற்றும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் நம் பெண்கள் யாராவது இதை வாங்கியிருந்தால், அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

"வண்டி சமாசாரமெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று இருந்துவிட முடியாது. ஏனென்றால் இந்த வேனில் எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. பின் படுக்கையின் ஒரு பகுதி அந்த எஞ்சினுக்கு நேர் மேலே! குழந்தையைத் தூங்கப் பண்ணும் இடத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தாய்க்குத் தெரிய வேண்டாமா?

1975 மாடலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வேன்களில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பாஷ் கம்பெனியின் 'எல்-ஜெட்ரானிக்' என்ற ஃப்யூயல் இன்ஜெக்ஷனைப் பொருத்தினார்கள். 'எல்' என்பது 'லுஃப்ட்'. ஜெர்மன் மொழியில் காற்று. பெயரிலேயே சூட்சுமம் இருக்கிறது. உள்ளே போகும் காற்று ஒரு பெட்டியிலுள்ள சின்னக் கதவைத் தள்ளும். கதவு எவ்வளவு திறந்தது என்று பார்த்து, ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அதற்கேற்றபடி பெட்ரோலைப் பீய்ச்சச் சொல்லும். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. இட்லிக்கு அரிசி, உளுந்து அளவு மாதிரிதான். அளவு தப்பினால் பதம் போச்சு.

கதவு வழியாக வராமல் வேறு ஓட்டை வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால்? கம்ப்யூட்டர் அதைக் கணக்கில் சேர்க்காது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் உதறும், நின்று நின்று போகும். பழைய வேன்களின் பாதித் தொல்லை இதுதான் என்பேன். காற்றுப் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும், ஹார்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கையால் விரித்துப் பாருங்கள். மேலாகப் பார்த்தால் நன்றாயிருக்கும். மடிப்புக்குள்ளே வெடிப்பு ஒளிந்திருக்கும்.

இன்னொரு சுலபமான சோதனை உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சின் தடுமாறினால் நல்லது. எந்த மாற்றமும் இல்லாவிட்டால், ஏற்கெனவே எங்கோ காற்று நுழைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால்கூட இந்த வண்டி தகராறு பண்ணும்! (முந்தானை, துப்பட்டா, பின்னல் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனியுங்கள். ஃபேன் பெல்ட் பக்கத்திலேயே சுற்றுகிறது.)

"சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட் ஆகுது, கையை எடுத்தா நின்னுடுது" என்பது அடுத்த புகார். இதற்குக் காரணம் அழகானது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்ரோல் பம்ப் தானாக ஓடும். சாவியை விட்ட பிறகோ, அந்தக் காற்றுக் கதவு திறந்திருந்தால்தான் பம்ப் ஓடும். விபத்தில் எஞ்சின் நின்றுபோனால் பம்பும் நின்றுவிடும் என்பது இதில் ஒரு நன்மை. ஆகவே ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்து, விரலால் கதவை மெதுவாகத் தள்ளுங்கள். வண்டிக்கு அடியில் பம்ப் 'ம்ம்ம்' என்று முனகினால் அந்தப் பக்கம் பழுதில்லை; துருத்திக் குழாயில் பெரிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முனகல் இல்லாவிட்டால் கதவுக்குள் இருக்கும் மின் தொடர்போ, 'டபுள் ரிலே' என்கிற பெட்டியோ போயிருக்கலாம். பெட்ரோல் வாசனை அடித்தால் மட்டும் இந்தச் சோதனையே வேண்டாம்.

கறுப்புப் புகை, மைலேஜ் பாதியாகிவிட்டது என்றால் எஞ்சின் தலையில் திருகியிருக்கும் வெப்பமானியைப் பாருங்கள். அதற்கு ஒற்றை ஒயர்தான். சூட்டில் அது நொறுங்கி அறுந்துவிட்டால், கம்ப்யூட்டர் ஏதோ பனிமலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

மெக்கானிக் எடுத்த எடுப்பில் "கம்ப்யூட்டர் போச்சும்மா" என்றால் நம்பிவிடாதீர்கள். பணத்தைச் செலவழிக்கும் முன், எல்லா ஒயர் முனைகளையும், எஞ்சின் உடம்போடு சேரும் எர்த் ஒயர்களையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பச்சை பூத்த முனைதான் பல வீடுகளில் குற்றவாளி. இன்ஜெக்டரைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று பாட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்க மட்டும் விடாதீர்கள். அது 12 வோல்ட் தாங்காது.

இனித்தான் முக்கியமான சங்கதி. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மெல்ல வரும். இதிலோ சுமார் 2.5 பார் அழுத்தத்தில், கிட்டத்தட்ட கார் டயரில் இருக்கும் அழுத்தத்தில், ரப்பர் குழாய்களில் ஓடுகிறது. குழாயில் ஊசி முனை வெடிப்பு விழுந்தால் சொட்டாது. சூடான எஞ்சின் மேல் பீய்ச்சி அடிக்கும். இந்த வேன்கள் பல இப்படித்தான் நடுவழியில் எரிந்து போயின. இன்ஜெக்ஷனுக்கென்றே விற்கும் கெட்டிக் குழாயைக் கேட்டு வாங்கி, கிளிப்போடு எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவைக்கிற சிக்கனம் இங்கே வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது அனுபவஸ்தர்கள் வழக்கம். குழாய் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில் குழந்தைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஓடும்போது பெட்ரோல் வாசனை வந்தால், "அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்று சொல்ல விடாதீர்கள். ஓரம் கட்டி, சாவியை அணைத்து, முதலில் குழந்தைகளை இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். உள்ளே அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. புகை கிளம்பிவிட்டால் எஞ்சின் மூடியை விரியத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ பாய்ந்து வரும். தீயணைப்பானை முன் சீட்டுப் பக்கம் வையுங்கள். பின்னால் எஞ்சின் அருகே வைத்தால், வேண்டிய நேரத்தில் எட்டாது.

குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்து. இந்த வேனின் ஹீட்டருக்குச் சூடு வருவது, புகைக் குழாயைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து. அது துருப்பிடித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே வரும். இதற்கு வாசனையே கிடையாது. பெட்ரோல் அதிகமாகக் கொட்டும் எஞ்சினில் இந்த வாயுவும் அதிகம். "அம்மா, தலை வலிக்குது, வாந்தி வருது" என்று எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் சொன்னால் பயணக் களைப்பு என்று நினைக்காதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி எல்லோரையும் வெளியே இறக்கி, டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வாயுவைக் கண்டு அலறும் பாட்டரிக் கருவி அங்கே கடைகளில் கிடைக்கிறது. கிளம்புவதற்கு முன்பே ஒன்று வாங்கி, அதன் பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கைப் பக்கம் மாட்டுங்கள்.