கிஹான்சி அருவியின் சாரல் தேரை

ஒரு தேரை இனம் முழுவதும் ஐந்து ஏக்கர் நிலத்துக்குள் வாழ்ந்தது. தான்சானியாவின் தெற்கே உட்சுங்வா மலைச்சரிவில் கிஹான்சி என்றொரு ஆறு செங்குத்தான பள்ளத்தாக்கில் அருவி அருவியாக இறங்குகிறது. அந்த அருவிகளின் சாரல் இரவும் பகலும் நனைத்துக்கொண்டிருந்த சில பசுமைத் திட்டுகளைத் தவிர, பூமியில் வேறெங்கும் அந்தத் தேரை இருந்ததில்லை. 1996ஆம் ஆண்டுதான் அறிவியலாளர்கள் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். அப்போது மேலே அணை கட்டும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

நான் மின்வாரியத்தில், நீலகிரியின் புனல் மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே கிஹான்சி திட்டத்தின் கணக்கு எனக்குப் படித்தவுடன் விளங்கியது. சுமார் 850 மீட்டர் ஹெட், அதாவது தண்ணீர் விழும் உயரம். 60 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. மொத்தம் 180 மெகாவாட். எங்கள் பைக்காராவிலும் இதே தத்துவம்தான்: தண்ணீர் கொஞ்சம் போதும், விழும் உயரம் வேண்டும். அணைகூடப் பெரியதல்ல, 25 மீட்டர் உயரம்தான். பெரும் நீர்த்தேக்கம் இல்லை, ஊர்கள் மூழ்கவில்லை. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சாதுவான அணை கிடைக்காது என்றே எந்தப் பொறியாளரும் சொல்லியிருப்பார். தொண்ணூறுகளில் தான்சானியா மின்வெட்டில் தவித்த நாடு. அந்த மின்சாரம் அவர்களுக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. உலக வங்கியும் கடன் கொடுத்தது.

ஆனால் இந்த வகைத் திட்டத்தில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை யோசிக்க வேண்டும். மேலே ஆற்றை மறித்துச் சுரங்கத்துக்குள் விடுகிறோம். மலைக்குள்ளேயே இறங்கி, கீழே பவர்ஹவுஸில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது மறுபடி ஆற்றில் சேருகிறது. சொட்டுத் தண்ணீர் வீணாவதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். இடையில் இருக்கும் பள்ளத்தாக்கு மட்டும் காய்ந்துபோகிறது. எங்கள் நீலகிரியின் குந்தாவில் மதகை அடைத்த சில நாளில் கீழே இருக்கும் பாறைகளின் பாசி பழுப்பேறி, விரல் பட்டால் உதிர்வதை நானே பார்த்திருக்கிறேன். கிஹான்சியில் சராசரியாக நொடிக்கு 16 கன மீட்டர் ஓடிக்கொண்டிருந்த ஆற்றில், 2000ஆம் ஆண்டு மின் உற்பத்தி தொடங்கிய பிறகு மிஞ்சியது 2 கன மீட்டருக்கும் குறைவு. அருவி இருந்தது, சாரல் போய்விட்டது. சாரல் என்பது தண்ணீர் விழும் வேகத்தில், பாறையில் மோதிச் சிதறுவதால் பிறப்பது. ஒழுகும் தண்ணீரில் அது வராது.

அந்தத் தேரையைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். மஞ்சள் நிறம். வளர்ந்த பெண் தேரையே மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆண் அதைவிடச் சிறிது. ஓயாத சாரலில் மூச்சு விட வேண்டும் என்பதால் மூக்குத் துளைகளின் மேல் சிறு மடிப்பு உண்டு. வயிற்றுத் தோல் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். சூல் கொண்ட தேரையின் உள்ளே குட்டிகளைக் காணலாம். ஆம், குட்டிகள்தான். நாம் அறிந்த தவளை, தேரைகள் பெரும்பாலும் தண்ணீரில் முட்டையிடும், தலைப்பிரட்டை வரும், பிறகு கால் முளைக்கும். இது அப்படியில்லை. கொத்தமல்லி விதையளவில், கைகால் முழுமையாக அமைந்த குட்டிகளை ஈனுகிறது. அருவிக்கரையில் முட்டையிட்டால் ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். தலைப்பிரட்டை நீந்தத் தேங்கிய நீரும் கிடையாது. அந்த இடம் கேட்டதற்கு ஏற்றபடி ஓர் உயிர் தன்னைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. இதே பள்ளத்தாக்கில் வேறெங்கும் இல்லாத ஒரு காட்டுக் காப்பிச் செடியும் உண்டு. அதற்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2004இல்தான்.

தண்ணீர் குறைந்ததும் ஈரத்தில் மட்டுமே வாழும் செடிகள் சுருங்கின, களைகள் நுழைந்தன. தேரைகள் வேகமாகக் குறைந்தன. இந்த நிலையில் செய்யப்பட்ட இரண்டு காரியங்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஒன்று, செயற்கைச் சாரல். மேலிருந்து குழாய் போட்டு, மோட்டார் இல்லாமல் தண்ணீரின் சொந்த அழுத்தத்திலேயே, நூற்றுக்கணக்கான நுண்ணிய நாசில்கள் வழியே பள்ளத்தாக்கில் தூவினார்கள். எளிதான வேலை என்று நினைக்க வேண்டாம். நாசில் துளை சிறிதானால்தான் சாரல் வரும். துளை சிறிதானால் மணலும் இலைத்தூசும் அடைத்துக்கொள்ளும். சல்லடையைக் கழுவவும் நாசிலைப் பிரித்து ஊதவும் வழுக்குப் பாறையில் ஆள் ஏறி இறங்கியாக வேண்டும், ஆண்டு முழுக்க. அதற்குப் பலன் இருந்தது. செடிகள் திரும்பின. 2003 ஜூன் மாதக் கணக்கெடுப்பில் தேரைகள் சுமார் இருபதாயிரம் என்று மதிப்பிட்டார்கள்.

அடுத்த சில வாரங்களில் எல்லாம் சரிந்தது. 2004 ஜனவரியில் தேடியவர்களின் கண்ணில் பட்டவை மூன்றே மூன்று. இறந்த தேரைகளின் தோலில் கைட்ரிட் என்னும் பூஞ்சை இருந்தது. உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் அதே பூஞ்சை. தேரைகளுக்குத் தண்ணீரும் உப்புகளும் தோல் வழியாகவே போய்வருகின்றன. அந்தத் தோலையே அது கெடுத்துவிடுவதால் இதயம் நின்றுபோகிறது. அதே சமயத்தில் அணையின் அடி மதகைத் திறந்து வண்டலை வெளியேற்றியதும், மேலே உள்ள வயல்களின் பூச்சிமருந்து அதில் கலந்திருந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. நெருக்கடியில் இருக்கும் உயிரை நோய் எளிதாக வீழ்த்தும் என்பதே என் எண்ணம். 2009இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், இந்த இனம் இயற்கையில் அற்றுப்போனது என்று அறிவித்தது.

இயற்கையில் என்று சொன்னதற்குக் காரணம் அந்த இரண்டாவது காரியம். 2000ஆம் ஆண்டு நவம்பரில், தான்சானிய அரசின் அனுமதியோடு 499 தேரைகளைப் பிடித்து நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்கியல் பூங்காவுக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள். அங்கேயும் பாடு பெரும்பாடு. இவ்வளவு சிறிய வாய்க்குள் போகும் பூச்சிகளைத் தனியே வளர்க்க வேண்டும். புற ஊதா விளக்கு சரியாக அமைய வேண்டும். நுரையீரல் புழு வேறு தொல்லை கொடுத்தது. 2004 இறுதியில் மொத்தமே எழுபது அளவுக்கு இறங்கிவிட்டது. ஓர் இனத்தின் எதிர்காலம் முழுக்கச் சில கண்ணாடிப் பெட்டிகளில்! பிராங்ஸிலும் ஒஹையோவின் டொலிடோ பூங்காவிலும் அவற்றைப் பராமரித்தவர்கள் பொறுமையாக ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். 2010இல் நூறு தேரைகள் விமானத்தில் தாய்நாடு திரும்பி, தாரெஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தின் வளர்ப்பகத்தை அடைந்தன. 2012இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, செயற்கைச் சாரல் நனைக்கும் அதே பள்ளத்தாக்கில் விடப்பட்டன. இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட நீர்நில வாழ் உயிரினம் ஒன்று தன் சொந்த இடத்துக்கே மீண்டது அதுவே முதல்முறை.

மனம் நிறையும் செய்திதான். ஆனாலும் வெற்றி என்று எழுதக் கை வரவில்லை. பூஞ்சையை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து யாராலும் துடைத்தெறிய முடியாது. அணை இயங்கும் காலமெல்லாம் நாசில்களும் இயங்க வேண்டும். ஒரு திருகாணி, ஒரு வால்வு, ஒரு சம்பளப் பட்டியலை நம்பி ஓர் இனம் உயிர் பிழைத்திருக்கிறது. திட்டம் வரைந்த மேசையில் இந்தச் செலவு எந்த வரியிலும் இல்லை.

தாரெஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தின் கிம் ஹோவல் உள்ளிட்டோர் அந்தச் சரிவில் மண்டியிட்டுத் தேடியதால்தான் இந்தத் தேரைக்கு ஒரு பெயராவது கிடைத்தது. அவர்கள் சில ஆண்டு முன்னதாக அனுப்பப்பட்டிருந்தால், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பது சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே பேசி முடிவாகியிருக்கும். சில மெகாவாட் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மலையில் அணை திட்டமிடும் என் துறை இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், தண்ணீர் விலகிப்போகப் போகும் பள்ளத்தாக்குக்கு உயிரியலாளர்களை அனுப்புங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் திரும்பி வரும்வரை டெண்டரைத் திறக்காதீர்கள்.