மலையகச் சாலைகள்: காட்சிக்கு அப்பால் ஒரு பயணம்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நுவரெலியாவை நோக்கி வாகனங்கள் அணிவகுப்பது வழக்கம். வாவிக்கரையில் சிறிது நேரம், நீர்வீழ்ச்சி ஒன்றின் முன் சில புகைப்படங்கள், ஒரு பொதி தேயிலை ஆகியவற்றோடு பலரது மலையகப் பயணம் நிறைவுபெற்றுவிடுகிறது. இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் உழைத்து உருவாக்கிய நிலப்பரப்பை அவர்கள் கடந்து செல்கிறார்களே தவிர, காண்பதில்லை. எந்த வழியாகச் செல்கிறோம், எங்கே தங்குகிறோம், எங்கே உண்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் புறப்படுமுன்பே விடை தேடிக்கொண்டால் இந்நிலையை மாற்றலாம்.

முதலில் காலம். ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே மலைப் பயணத்துக்கு உகந்தவை. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் நெரிசலும் அறை வாடகையும் ஒருசேர உயரும். மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழை ஹட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகளையே பெரிதும் நனைக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் விளைவித்த மண்சரிவுகள் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தின. வீதிகளும் ரயில் பாதையும் சிதைந்தன. எனவே, மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் வெளியிடும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளை அறிந்த பின்னரே புறப்படுவது அறிவுடைமை.

அடுத்து வழி. ஒரே பாதையில் சென்று திரும்பாமல், ஒரு வட்டமாகப் பயணத்தை அமைப்பது நல்லது. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனை அடையலாம். அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா சாலையில் திரும்பினால் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த தோட்டங்கள் விரியும். டல்ஹவுசி என்று சில வரைபடங்களில் காணப்படும் நல்லதண்ணியிலிருந்தே 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதை தொடங்குகிறது. டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். பௌத்தருக்கு ஸ்ரீபாதம், இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியோடு தொடர்புடைய பாவா ஆதம் மலை எனப் பல சமூகத்தவரும் போற்றும் இடம் இது. உலகப் பயணி இப்னு பதூதா 1344-இல் இலங்கைக்கு வந்து இம்மலையில் ஏறியதைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

ஹட்டனுக்குத் திரும்பி, தலவாக்கலையை நோக்கிச் சென்றால் டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளைச் சாலையிலிருந்தே காணலாம். பின்னர் நானுஓயா வழியாக நுவரெலியாவை அடையலாம். திரும்பும்போது இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கலாம். இதற்கு மூன்று இரவுகளேனும் ஒதுக்குதல் வேண்டும்.

தங்குமிடம் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. மலையகத்தின் புகழ்பெற்ற விடுதிகள் பெரும்பாலும் குடியேற்ற ஆட்சிக் காலக் கட்டடங்களே. 1876-இல் தோன்றிய நுவரெலியா ஹில் கிளப், இரவு உணவுக்குக் கழுத்துப்பட்டி அணிந்து வர வேண்டும் என்ற வழக்கத்தால் பெயர் பெற்றது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை விடுதியாக மாற்றப்பட்டபோது, கொழுந்தை வாட்டும் மேல்தளங்களே படுக்கையறைகளாயின. காசல்ரீயைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் சொகுசு விடுதிகளாக இயங்கி வருகின்றன.

இவற்றில் தங்குவதில் தவறேதும் இல்லை. ஆயினும், பங்களாவின் முற்றத்திலிருந்து தெரியும் லயன் அறைகளையும் நாம் காண வேண்டும். சொகுசு பங்களா ஒன்றின் ஓரிரவு வாடகை, தோட்டத் தொழிலாளி ஒருவரின் மாத ஊதியத்தைத் தாண்டக்கூடியது. 1,350 ரூபாயாக இருந்த நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக உயர்த்தி, அத்துடன் 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையும் வழங்குவதற்கான முன்மொழிவு 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில்தான் இடம்பெற்றது.

கிராமப்புறங்களில் குடும்பங்கள் தம் வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவது இன்று பரவலாகியுள்ளது. தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விருந்தோம்பலில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர்; லயன் அறைக்குச் சட்டப்படியான உரித்து இல்லாததே காரணம். உறுதிப் பத்திரம் இன்றி விடுதிக்கு அனுமதி பெறுவதும், வங்கிக் கடன் பெறுவதும் எளிதன்று. இந்திய நிதியுதவியில் அமைந்த தனிவீடுகள் இந்நிலையை ஓரளவே மாற்றியுள்ளன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். காணியுரிமைக் கோரிக்கை சுற்றுலாவோடும் தொடர்புடையது என்பதை இதனால் உணரலாம். ஆகவே, ஓரிரவையேனும் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பகுதிகளில் உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதியில் கழிப்பது பயனுள்ள தேர்வாகும்.

உணவிலும் இதே நோக்கு வேண்டும். விடுதியின் ஆங்கிலேயக் காலை உணவை ஒரு நாள் தவிர்த்து, கடைவீதியில் சூடான ரொட்டியும் கட்டைச் சம்பலும் உண்டு பார்க்கலாம். விடியற்காலையில் மலையேறும் உழைப்பாளியின் பசியைத் தாங்கிய உணவு அது. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேநீரின் சுவை தனியானது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் சைவ உணவகங்களும் ஹலால் உணவகங்களும் உள்ளன. வெள்ளிக்கிழமையில் ஜும்ஆத் தொழுகைக்கு உரிய நேரத்தில் நகரொன்றில் இருக்குமாறு பயணத்தை வகுத்துக்கொள்வது முஸ்லிம் குடும்பங்களுக்கு வசதியாகும்.

திரும்பும் வழியில் தவறவிடக் கூடாத இடம், கம்பளைக்கு அருகே பரதெக்கவில் பழைய லயன் அறைகளில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். கண்டி ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களின் வரலாற்றைக் காணலாம். பரதெக்கவில் மனிதர்களின் வரலாற்றைக் காணலாம். 1823-இல் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்டோரின் நினைவாக 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்து சென்றதன் பொருளும் அங்கே விளங்கும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் நேர்ந்த விபத்தில் ஏழு பேர் மாண்டனர். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரவுப் பயணத்தைத் தவிர்த்து, இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வாகனத்தைச் செலுத்துதல் வேண்டும். தோட்டத்தின் உட்பாதைகளில் நுழையுமுன் அனுமதி பெறுவதும், கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமல் படமெடுக்காதிருப்பதும் பண்பாகும். நிறுத்திய பேச்சுக்கும் சேர்த்து, பறித்த கொழுந்தை நிறுத்தே அவர்களின் நாட்கணக்கு முடிகிறது என்பதை நினைவிற்கொண்டால், அவர்களோடு எவ்வளவு நேரம் நின்று பேசலாம் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.