கையெழுத்துக்குப் பிறகு

2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குப் பயிற்சி நடப்பது தெரியவந்ததும் தமிழகம் கொதித்தது. முதல்வர் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூருவை அடுத்த எலகங்காவுக்கு அனுப்பியது. பயிற்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது. 2009இல் இலங்கைப் போரின் இறுதிக் கட்டக் கொடூரத்தைக் கண்ட மக்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அத்தனை வேகத்தோடு நாம் டெல்லியிடம் கேட்டிருக்க வேண்டியது, 1987இல் இலங்கையோடு இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்பதைத்தான்.

இலங்கைத் தமிழர் சிக்கலில் தீர்வுத் திட்டங்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பிராந்திய சபைகளை ஏற்ற 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், பிக்குகளின் எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்க ஒப்புக்கொண்ட மாவட்ட சபைகளும் வரவில்லை. 1957 ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியோடு இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. எதிர்க்கட்சியில் இருக்கும்போது எதிர்ப்பதும், ஆட்சிக்கு வந்ததும் இறங்கி வருவதும், எதிர்த்தரப்பு கிளம்பியதும் பின்வாங்குவதும் கொழும்பு அரசியலின் வழக்கம். ஒவ்வோர் ஒப்பந்தமும் அதை நிறைவேற்றும் பொறுப்பை அந்த அரசியலிடமே விட்டுவிட்டது. தோல்விக்கு முதன்மைக் காரணம் இதுதான். வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழ்விடம் என்று 1987 ஒப்பந்தம் ஏற்றது. அதையொட்டி இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. இரு மாகாணங்களின் இணைப்பை 2006இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. காணி, காவல் துறை அதிகாரங்கள் ஏட்டோடு நின்றன. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் இசைந்தனர். நான்கே மாதத்தில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர், 2008இல் அரசு போர்நிறுத்தத்தையே முறித்தது.

இந்தியா மீண்டும் தலையிடலாமா என்று கேட்பவர்களுக்கு 1987 ஒப்பந்தத்தின்பேரில் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் அனுபவம் நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்து மக்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினரும் அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார்கள். படை போகவே கூடாது. ஆனால் இரு அரசுகள் செய்த ஒப்பந்தத்தை நினைவூட்டுவது தலையீடு அல்ல. வெளியார் வகுத்த திட்டத்தைப் பெரும்பான்மையினர் ஏற்கமாட்டார்கள் என்பதற்கு சைப்ரஸைக் காட்டுவார்கள். 2004இல் ஐ.நா. திட்டத்தைக் கிரேக்க சைப்ரஸ் மக்களில் 76 சதவீதம் பேர் நிராகரித்தது உண்மைதான். ஆனால் 13ஆவது திருத்தம் ஏற்கெனவே இலங்கை அரசியலமைப்பில் இருப்பது; புதிதாக யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஒற்றையாட்சிக்குள் அது வெற்றுக்கூடு என்கிற தமிழ்த் தரப்பின் வாதம்தான் கனமானது. 2013இல் விக்னேஸ்வரன் தலைமையில் அமைந்த வடக்கு மாகாண சபை ஆளுநரோடு பட்ட பாட்டை மறுக்க முடியாது. ஆனால் 2018 அக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் தேர்தலே நடக்காமல் முழு அதிகாரமும் அந்த ஆளுநரிடம் போனது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், தொகுதி எல்லை அறிக்கையை மறு ஆண்டு நாடாளுமன்றமே தள்ளுபடி செய்தது, தேர்தல் அந்தரத்தில் நின்றது. பழைய முறைக்கு இடம் கொடுக்கும் ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும். தாம்பரம் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் உறுப்பினர் உட்பட தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் டெல்லி வழியாகக் கொழும்பிடம் கேட்க வேண்டியது அந்தத் திருத்தத்தையும் ஒரு தேர்தல் தேதியையும்தான்.