இலவசம்தான், ஆனா வட்டு திறக்கணுமே!

ஒரு புரோகிராம் வேணும்னா நாம என்ன செய்றோம்? பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பென்டிரைவ் கேட்கிறோம், இல்லாட்டி நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிறோம். எந்தக் கம்பெனி மெஷினில் செருகினாலும் பென்டிரைவ் திறக்குமா என்ற சந்தேகமே நமக்கு வருவதில்லை. 1970களின் கடைசியிலும் 80களிலும் அமெரிக்காவில் மைக்ரோ கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு நிலைமை இப்படி இல்லை. ஒருத்தர் ராப்பகலாக எழுதிய புரோகிராமை "சும்மாவே எடுத்துக்கோப்பா" என்று நீட்டினாலும், அடுத்தவர் மெஷின் அந்த ஃபிளாப்பியைப் படிக்காது. கொடுக்கிறவனுக்கு மனசு இருக்கு, வாங்குறவனுக்கு ஆசை இருக்கு, நடுவுல வட்டு மக்கர் பண்ணுது! அதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிபி/எம் பற்றிக் கொஞ்சம். 1974-ல் கேரி கில்டால் என்பவர் 8080 சிப்புக்காக எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் இது. டாஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு மெஷின் மாறுகிற சமாச்சாரங்களையெல்லாம் பயாஸ் என்ற ஒரு சின்னப் பகுதிக்குள் அடைத்துவிட்டு, மற்றதை எல்லா மெஷினுக்கும் பொதுவாக வைத்தார் கில்டால். புரோகிராம் எழுதுகிறவர் சி ரிஜிஸ்டரில் ஒரு எண்ணைப் போட்டு 'கால் 5' என்று கூப்பிட்டால் போதும். ஃபைலைத் திற, எழுத்தைத் திரையில் காட்டு, எல்லாம் நடக்கும். 8085 படித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

ஆக, புரோகிராம் எந்த மெஷினிலும் ஓடும். ஆனால் மெஷினுக்குள் அது போய்ச் சேர வேண்டுமே? அங்கேதான் தலைவலி.

8 அங்குல ஃபிளாப்பி இருந்தவரை பிரச்னை இல்லை. ஐபிஎம் வகுத்த 77 டிராக், டிராக்குக்கு 26 செக்டார், செக்டாருக்கு 128 பைட் என்ற அமைப்பை எல்லோரும் ஏற்றிருந்தார்கள். பெருக்கிப் பாருங்கள், 2,56,256 பைட். ஒரு முழு ஃபிளாப்பியே அவ்வளவுதான்! 5¼ அங்குல ஃபிளாப்பி வந்ததும் ஆளாளுக்கு ஒரு கணக்கு. 1981-ல் வந்த ஆஸ்போர்ன்-1, டிராக்குக்கு 256 பைட் செக்டார் பத்து வைத்தது. அடுத்த வருஷம் வந்த கேப்ரோ-2, 512 பைட் செக்டார் பத்து வைத்தது. நார்த் ஸ்டார் மெஷினுக்கோ செக்டாருக்கு ஒரு ஓட்டை போட்ட தனி ஃபிளாப்பி வேணும். ஆப்பிள்-2-ல் இசட்80 கார்டு செருகி சிபி/எம் ஓட்டியவர்கள் கதை இன்னும் மோசம். ஆப்பிள் டிரைவ் பிட்டுகளைப் பதிவு செய்யும் முறையே வேறு. இத்தனைக்கும் எல்லாமே சிபி/எம் மெஷின்கள்தான்!

வார்ட் கிறிஸ்டென்சன் என்பவர் 1977-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். வட்டு படிக்கலைன்னா வட்டை விட்டுடு, போன் லைன் இரண்டு மெஷினுக்கும் பொது தானே? அவர் எழுதிய மோடம் என்ற புரோகிராமின் விதிமுறைதான் பிற்பாடு எக்ஸ்மோடம் என்று பேர் வாங்கியது. அனுப்புகிற மெஷின் 128 பைட்டை ஒரு கட்டாகக் கட்டும். தொடக்கக் குறி ஒன்று, பிறகு கட்டின் எண், அதே எண் பிட்டுகள் தலைகீழாக (எண்ணே வழியில் கெட்டுவிட்டதா என்று பார்க்க), பிறகு 128 பைட், கடைசியில் அந்த 128 பைட்டையும் கூட்டி வந்த தொகையின் கீழ் 8 பிட். வாங்குகிற மெஷினும் கூட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் 'வந்துச்சு' என்று ஒரு பைட் அனுப்பும். இல்லையென்றால் 'திரும்ப அனுப்பு'. அவ்வளவுதான். ஒரே ஒரு குறை: இரண்டு பைட் இடம் மாறி வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. அதனால் பிறகு சிஆர்சி சேர்த்தார்கள்.

அதை அவர் பூட்டி வைக்கவில்லை. அசெம்ப்ளி மூலத்தோடு பொதுவில் விட்டார். மூலம் இல்லாமல் வேலை நடக்கவும் செய்யாது, ஏனென்றால் சீரியல் போர்ட்டின் முகவரி மெஷினுக்கு மெஷின் வேறு. புரோகிராமின் தலைப்பக்கத்தில் 'ஈக்யூ' வரிகளில் போர்ட் எண்ணை மாற்றி அசெம்பிள் செய்துகொள்ள வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சின்ன ஒட்டு ஃபைல் எழுதிச் சேர்த்தார்கள். தன் மெஷினுக்கு எழுதியதை அதே மெஷின் வைத்திருக்கும் முகம் தெரியாத இன்னொருத்தருக்கும் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

சரி, புரோகிராம்கள் சேர்ந்தாச்சு. சிபி/எம் பயனர் குழு என்ற அமைப்பு வட்டு வட்டாக வெளியிட்டது. நியூ ஜெர்சி அமெச்சூர்களின் 'சிக்/எம்' குழு முன்னூறு வட்டுக்கும் மேல் வெளியிட்டது. இப்போது அடுத்த கேள்வி: எனக்கு வேண்டியது எந்த வட்டில் இருக்கு?

சிபி/எம்மில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. அந்தக் காலத்துப் பதிப்பில் ஃபைலின் தேதி கிடையாது, வட்டுக்குப் பெயர் வைக்க வசதி கிடையாது. இதற்கும் கிறிஸ்டென்சன் ஒரு கேட்டலாக் முறை செய்தார். ஒவ்வொரு வட்டிலும் குறுங்கோட்டில் தொடங்கும் பெயருடைய ஒரு ஃபைல். அதன் பின்னொட்டு வட்டின் எண். அந்த ஃபைலுக்குள்ளே ஒன்றும் இருக்கவேண்டியதில்லை, பேரே லேபிள்! ஒரு புரோகிராம் வட்டின் ஃபைல் பெயர்களைத் திரட்டும். இன்னொன்று அவற்றைத் தலைமைப் பட்டியலில் சேர்க்கும், அதே வட்டு திரும்ப வந்தால் பழைய வரிகளை நீக்கிப் புதியதைப் போடும். மூன்றாவது தேடித் தரும். பட்டியலில் வரிக்கு ஒரு ஃபைல்: பெயர், காற்புள்ளி, வட்டு எண். இன்றைய எமுலேட்டரில் நான் இதை ஓட்டிப் பார்த்தேன். டேட்டாபேஸ் பாடத்தில் நாம் படிக்கிற விஷயத்தின் பாதி அதில் இருக்கிறது.

வட்டில் 64 டைரக்டரி இடம்தான் என்பதால் பல ஃபைலை ஒன்றாகக் கட்டும் 'லைப்ரரி' முறையும், ஹஃப்மன் முறையில் சுருக்கும் 'ஸ்க்வீஸ்' முறையும் வந்தன. சுருக்கிய ஃபைலின் பின்னொட்டில் நடு எழுத்து 'க்யூ' ஆகிவிடும். டிஓசி என்பது டிக்யூசி. பார்த்ததும் தெரிஞ்சுடும்.

இதெல்லாம் ஒரே குடும்பத்துக்குள் நடந்த சண்டை. வெளியாளோடு பேசும்போதுதான் நிஜமான வேடிக்கை. நியூ மெக்ஸிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் இருந்த சிம்டெல்-20 என்ற பெரிய மெஷினில் இந்த இலவசப் புரோகிராம்களின் மிகப் பெரிய களஞ்சியம் ஒன்று இருந்தது. கீத் பீட்டர்சன் என்பவர் அதைப் பராமரித்தார். அந்த மெஷினின் சொல் நீளம் 36 பிட்! எட்டால் வகுத்தால் மீதி வரும். எழுத்து ஃபைல் என்றால் 7 பிட் எழுத்து ஐந்தை ஒரு சொல்லில் அடைப்பார்கள். புரோகிராம் ஃபைல் என்றால் 8 பிட் பைட் நான்கை வைத்து 4 பிட்டை வீணாக விடுவார்கள். எது எந்த வகை என்று தெரியாமல் இறக்கினால் வந்து சேர்வது குப்பைதான்.

அதனால் அங்கிருந்த பட்டியலில் ஃபைலின் பெயர், நீளம், தேதி, ஒரு வரி விளக்கம் இவற்றோடு 7 அல்லது 8 என்று ஒரு எண்ணும் இருந்தது. என்ன இருக்கு என்று மட்டும் அந்தப் பட்டியல் சொல்லவில்லை, எப்படி எடுத்தால் உருப்படியாக வரும் என்பதையும் சொன்னது. நூலகத்தில் புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதுகிற கேட்டலாக் கார்டுக்கு இந்தப் புத்தி வராது.

சிம்டெல்-20 1993-ல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அதன் நகல்கள் வேறு மெஷின்களுக்குப் போய்விட்டன. வால்நட் க்ரீக் என்ற கம்பெனி 1994-ல் சிபி/எம் தொகுப்பை ஒரு சிடியாகவே வெளியிட்டது. அது வந்ததால்தான் நான் பிறப்பதற்கு முன்னால் எழுதிய புரோகிராம்களை இன்றைக்கு ஓட்ட முடிகிறது. இதில் ஒரு தமாஷ்: புரோகிராம்கள் அன்றே இலவசம், அவற்றைத் தாங்கிய சிபி/எம் மட்டும் விலைச் சரக்கு. அதைப் பகிரலாம் என்று உரிமையாளர்கள் 2001-ல்தான் அனுமதித்தார்கள். 2022-ல் அதை இன்னும் தெளிவாக்கினார்கள்.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் அலமாரிக்கு வருவோம். சீனியர்களின் புராஜெக்ட் சிடிகள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஃபைனல் ஓகே' என்று எழுதியிருக்கிறது. எந்தக் கம்பைலர், எந்த விண்டோஸ், எந்த டேட்டாபேஸ், ஒன்றும் கிடையாது. சிலவற்றில் இயங்கு ஃபைல் மட்டும் இருக்கிறது, மூலம் இல்லை. நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம்: சிடி எண், ஃபைல் பெயர், என்ன செய்யும், எதில் ஓடும். நாலாவது பத்தியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். உங்களிடமோ உங்கள் அண்ணன், அக்காவிடமோ பழைய புராஜெக்ட் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். கொடுக்கும்போது எந்த மெஷினில், எந்தப் பதிப்பில் ஓட்டினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். மதிய இடைவேளையில் லேபில்தான் இருப்போம்.