கடல்மீன் தொட்டிக்கும் ஒரு மண்டபம் கேம்ப்

ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் சந்தாபுரா. கடல் எந்தத் திசை என்று கேட்டால் இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. ராமநாதபுரம் சீமைக்காரனான எனக்கோ கடலாசை விடவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து ஒரு தொட்டி வைத்தேன்.

இரண்டு கோமாளி மீன்கள் ஒரு வருஷம் சௌக்கியமாக இருந்தன. பிறகு ஒரு நீல டாங் வாங்கி, அன்றைக்கே உள்ளே விட்டேன். நாலாம் நாள் என் மகள், "அப்பா, மீன் மேல உப்பு ஒட்டியிருக்கு" என்றாள். இரண்டு நாளில் புள்ளிகள் மறைந்தன. "சரியாப் போச்சும்மா" என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு வாரத்துக்குள் மூன்றும் செத்தன. அந்த நிம்மதிதான் என் தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா?

இதன் பெயர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறு உயிர். அதற்குச் சொல்லும் 'கொஞ்சம் உப்பு போடுங்க' வைத்தியம் கடல்தொட்டியில் செல்லாது.

இது மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கிறது. பின் மீனை விட்டு இறங்கி, மணலிலோ கல்லிலோ கூடு கட்டிக்கொள்கிறது. நாம் 'குணமாச்சு' என்று நினைப்பது இந்த வேளையில்தான். ஒரு கூட்டுக்குள் 200 வரை குஞ்சுகள் பெருகும். சில கூடுகள் மூன்றாம் நாளே வெடிக்கும். சில 72 நாள் வரை காத்திருந்ததும் ஆராய்ச்சியில் பதிவாகியிருக்கிறது. வெளிவந்த குஞ்சுக்கு ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் சாவுதான். அதன் பலவீனம் இதுவே.

மண்டபம் சொல்லும் பாடம்

பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களை, காலரா, அம்மை பயத்தால் மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்திவைத்த பிறகே தனுஷ்கோடி வழியாக அனுப்பினார்கள். மனிதரை அப்படி அடைத்தது கசப்பான கதை. ஆனால் நோய் வெளித்தெரியும் வரை தனியே வைக்கும் கணக்கு சரியானது. அதே மண்டபம் முகாமில்தான் 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971 வரை இருந்தது என்பது ஒரு பொருத்தம்.

வீட்டில் செய்வது எப்படி?

புதுமீனைத் தனித்தொட்டியில் குறைந்தது நாலு வாரம் வையுங்கள். மணல், பவளக்கல் வேண்டாம், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். வலை, வாளி எல்லாம் தனி.

புள்ளி கண்டால் இரண்டு வழி. ஒன்று, மூன்று நாளுக்கு ஒருமுறை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றுவது. 12 நாளில் நான்கு மாற்றம். கூடு வெடிக்குமுன் மீன் இடம் மாறிவிடும். உப்பும் சூடும் இரண்டு தொட்டியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். மற்றொன்று செப்பு மருந்து. அளவு கூடினால் மீனுக்கே விஷம், ஆகவே டெஸ்ட் கிட் இல்லாமல் தொடாதீர்கள். இறாலும் பவளமும் உள்ள பெரிய தொட்டியில் ஊற்றவே கூடாது, அவை செத்துவிடும்.

பெரிய தொட்டியை மீனில்லாமல் 76 நாள் சும்மா விடவேண்டும். பட்டினியில் ஒட்டுண்ணி அழியும்.

புள்ளி பொடியாக, மாவு தூவியதுபோல் இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது அமைலூடினியம். ஓரிரு நாளில் கொன்றுவிடும்; தொட்டி மாற்றுவதை நம்பாமல் உடனே மருந்துக்குப் போங்கள்.

இப்போது எங்கள் வீட்டுப் பால்கனி ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா நிரந்தரமாக இருக்கின்றன. "இடத்தை அடைக்குது" என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. மகள் மட்டும் புதுமீன் வந்தால் காலண்டரில் தேதி குறித்துவிட்டு, "அப்பா, இதுக்கு இன்னும் கேம்ப் முடியல" என்று காவல் நிற்கிறாள்.